வாயை அடைத்தது யார்?

“பன்னிரண்டு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே கப்சிப். எதற்கெடுத்தாலும் மணி குறித்துக் கொடுப்பதால் அவருக்கு ‘அலாரம்’ என்று பட்டப்பெயர்.

“சரி சார்” என்றாள் புதுப் பொண்ணு. சேர்ந்து அஞ்சு மாசமாகிறது. அவளுக்கப்புறம் யாரும் சேராததால் இன்னும் அவள்தான் புதுப் பொண்ணு.

மேனேஜரின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்து அறையில் நாற்பது கம்ப்யூட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து, நாளைக்கு எங்கே மழை, எவ்வளவு காற்று என்று கணக்குப் போடும். படகுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். நாற்பது நிமிஷத்தில் முடிகிற கணக்கு, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழு மணி நேரம் இழுக்கிறது. நேற்று ‘மழை வரலாம்’ என்று இவர்கள் அறிவித்தபோது ஊரே நனைந்த குடையை உதறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நாற்பதிலும் புது சாஃப்ட்வேர் போட்டது யார்? இவள்தான். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது?

பத்து மணிக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, நாற்பதுக்கும் ஒண்ணொண்ணா நாடி பிடிச்சுப் பார்க்கப் போறியா?”

“பதினொண்ணு பார்த்தாச்சு சார். எதுவும் நிக்கலே, எதுவும் கெடலே. ஆனா எல்லாமே கஷ்டப்பட்டுக் கணக்குப் போடுது.”

“கஷ்டப்பட்டுன்னா?”

“பெரிய கணக்கை வேகமாப் போடறதுக்குன்னே ஒவ்வொண்ணுலயும் கணக்கு லைப்ரரின்னு ஒரு துணை புரோகிராம் இருக்கு சார். அது ஏறலேன்னா கம்ப்யூட்டர் நின்னுடாது. தானே மெதுவாப் போட ஆரம்பிச்சுடும். கால்குலேட்டரைத் தொலைச்சவன் விரல் விட்டு எண்ணறானே, அந்த மாதிரி.”

“ஏறலேன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்காதா?”

“சொல்லும் சார். ‘லைப்ரரி ஏறலே, மெதுவான வழியில போறேன்’னு எச்சரிக்கை வரணும். நாலு நாளா ஒண்ணுகூட வரலே. அதான் குழப்பமே.”

“குழப்பத்துக்கெல்லாம் டைம் இல்லே” என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு அவளே எழுந்து வந்தாள்.

“கிடைச்சிடுச்சு சார். தப்பு என்னுதுதான். அந்த லைப்ரரிக்குத் துணையா ஒரு ஃபைல் வேணும், புது சாஃப்ட்வேர் போடறப்போ அது விட்டுப் போயிருக்கு. நாற்பதுலயும் போட்டுட்டேன். கணக்கு ஓடிக்கிட்டிருக்கு.”

“நான்தான் முதல்லயே சொன்னேனே!” மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“இன்னொண்ணும் இருக்கு சார். எச்சரிக்கை வந்திருந்தா திங்கட்கிழமையே அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிருப்பேன். எந்த எச்சரிக்கையுமே ஸ்கிரீன்ல வரக் கூடாதுன்னு செட்டிங்ஸ்ல ஒரு வரி எழுதி, அதோட வாயை அடைச்சு வெச்சிருக்காங்க.”

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“எந்தப் புத்திசாலி பார்த்த வேலை அது? ஃபைலை விட்டது கவனக்குறைவு. வாயை அடைச்சது அயோக்கியத்தனம்! யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன். தயவு தாட்சண்யமே கிடையாது. யார் எதை மாத்தினாலும் பேரோட பதிவாகுமே, பார்த்தியா?”

அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

“வரியை மட்டும்தான் எடுத்தேன் சார். பேரைப் பார்க்கலே.”

“அரைகுறை! எதைச் செஞ்சாலும் அரைகுறை!”

கணக்கு முப்பத்தெட்டே நிமிஷத்தில் முடிந்தது. ஆபீஸ் கைதட்டியது. மேனேஜர் மட்டும் அவளை டைரக்டர் அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“கண்டுபிடிச்சதும் இவதானே? விட்டுடலாமே” என்றார் டைரக்டர்.

“தப்பு பண்ணினதும் இவதானே மேடம்? போனாப் போகுது, வேலை இருக்கட்டும். நிரந்தரம் பண்றதை மட்டும் ஆறு மாசம் தள்ளிப் போடுவோம். அப்பத்தான் புத்தி வரும். அந்த இன்னொரு ஆளை நான் சும்மா விடறதா இல்லே.”

மாசக் கடைசியில் நிரந்தரம் ஆகிவிடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள், பாவம். முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆனாலும் “சரி மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மேனேஜர் தன் இடத்துக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே பதிவைத் திறந்தார். ‘மாட்டினான்டா மவனே!’

அந்த வரி இருந்தது. தேதி, போன மாசம் எட்டு. காரணம் என்ற இடத்தில், ‘நாளைக்கு விசிட்டர்ஸ் வர்றாங்க. ஸ்கிரீன் பூரா சிவப்பு எழுத்து, பார்க்க அசிங்கமா இருக்கு’ என்று எழுதியிருந்தது.

மாற்றியவர் பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சாட்சாத் அவர் பெயரேதான்.

அதற்கு நேர் கீழே, இன்று பத்து ஐம்பதுக்கு அந்த வரியை நீக்கியதாகப் புதுப் பொண்ணின் பதிவு. மேலே இருக்கிற பெயர் கண்ணில் படாமல் அதை நீக்கவே முடியாது.

தயங்கித் தயங்கி அவள் மேஜைக்குப் போனார்.

“ஏம்மா... நீ பேரைப் பார்த்தேதானே? ஆறு மாசம் தள்ளிப் போடறேன்னு சொன்னப்பவாவது மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் சார் வாயெடுத்தேன்” என்றாள் அவள் மெல்ல. “நீங்க சொன்னா சொன்னபடி செய்யறவராச்சே. எங்கே உங்களை நீங்களே வீட்டுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”