மலையேறும் குழாய்

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. திருத்தணி பைப் கடையில் மோனிகா ஒவ்வொரு இரும்புக் குழாயாக நகத்தால் சுண்டி, கண்ணை மூடிக் கேட்டாள். அந்த ரீங்காரத்திலேயே மனசு மலைப்பாதையின் வளைவுகளில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"வேண்டுதலாம்மா?" என்றார் கடைக்காரர் தேசப்பன்.

"அப்படித்தான் வச்சுக்கோங்க. எடை கம்மியா இருக்கணும், ஆனா வளையக் கூடாது. போன வருஷம் பாதி மலையில முறிஞ்சு போச்சு. ஊரே நின்னு சிரிச்சுது."

"முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எவர்சில்வர் எடுத்துக்கோ, பளபளன்னு இருக்கும்."

"பளபளப்பு யாருக்கு வேணும்? வெல்டு தடம் இல்லாத அந்தக் குழாயைக் குடுங்க."

சுண்டினாள். அது நெடுநேரம் பாடியது.

"இதாங்க."

"ஆங், தோளு வலிக்காது. மயிலிறகு கட்டித் தரச் சொல்லவா?"

"வேணாங்க. ரெண்டு சக்கரம் வீட்ல இருக்குது."

"காவடிக்கு எதுக்கும்மா சக்கரம்?"

"காவடின்னு நான் சொன்னனா? சைக்கிளுங்க. மலையேறுற பந்தயத்துக்கு. பொண்ணுன்னா எதையாவது தூக்கிக்கினேதான் போவணுமா? இந்த வாட்டி இது என்னைத் தூக்கிக்கினு போவட்டும்."