வேறு தொகுதி

சிறைச் சேர்க்கை அறையின் கம்பிகள் வழியே மாலை வெயில் என் படிவத்தில் கோடுகளாக விழுகிறது. அன்னூர்ப் பக்கத்து விவசாயி நாச்சிமுத்து, கைரேகை மையை வேட்டியில் துடைத்தபடி நிற்கிறார். "உள்ள உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கிறேன். "எங்கண்ணன் இருக்காருங்க. காத்தாலதான் கூட்டியாந்தாங்க. கெணத்துத் தண்ணி மொறைக்கு ரெண்டு பேரும் மம்முட்டியில அடிச்சுக்கிட்டமுங்க." தலையில் போட்டிருக்கும் காயக்கட்டைத் தொட்டுக்கொள்கிறார். "ஒரே பிளாக்குல போடுங்க சார். ஆறு வருசமா பேச்சில்லீங்க. இங்கயாச்சும் பேசிப்போடறேன்." அடித்துக்கொண்டவர்களை ஒன்றாக அடைக்கக் கூடாது என்பது விதி. அவரை நம்புகிறேன், ஆனாலும் வேறு தொகுதி என்றே எழுதுகிறேன். "அங்கிருந்து கூப்புட்டா அண்ணனுக்குக் கேக்குமுங்களா?" நடுவே மூன்று மதில்கள். கேட்காது. "சத்தமாக் கூப்புட்டுப் பாருங்க" என்கிறேன்.