எந்த மலை தாங்கும்?

“வெள்ளியங்கிரி வேணாம்மா. ஏழாவது மலையில காத்து ஆளையே தள்ளும். மூங்கில் கம்பு இல்லாம நிக்க முடியாது” என்றார் மதியழகன்.

புவனேஸ்வரி காப்பியை நீட்டினாள். கணவன் மோகன்குமார் முதன்முறையாக ஆபீஸ்காரர்களோடு மலைக்கோயிலுக்குக் கிளம்புகிறான். அவர்கள் எந்த மலைக்குப் போனாலும் கூடவே மதியழகனும் போவார். அதனால்தான் அவரை வீட்டுக்கே வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சபரிமலை பெருவழிப் பாதை எப்படிண்ணே?”

“கரிமலை ஏத்தம் நெஞ்சை அடைக்கும். யானை வேற வரும். சதுரகிரி போகட்டும். மழை பெஞ்சா மட்டும் ஓடையில இறங்கக் கூடாது.”

அவளுக்குப் பாதி பயம் போனது. “நீங்க இவுக பக்கத்துலயே ஏறுங்கண்ணே. நம்ம மலைக்கோட்டையைப் பாதி ஏறுனதுக்கே மூச்சு வாங்குனாக.”

மதியழகன் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் ஒரு மலையும் ஏறுனது இல்லம்மா.”

“அப்புறம் இம்புட்டும் எப்படித் தெரியும்?”

“இறங்கி வாரவுக சொல்றதுதான். நான் வேன் டிரைவரு. அவுக ஏறுற நேரம் அடிவாரத்துல நான் தூங்குனாத்தான் எல்லாரையும் பத்திரமா வீடு கொண்டாந்து சேக்க முடியும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோகன்குமார் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மெட்டடோர் வேன் கிளம்பும்போது கணவன் கையில் குளுக்கோஸ் பாக்கெட்டைத் திணித்தாள். பிறகு டிரைவர் பக்கமாகச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக ஒரு தலையணையை நீட்டினாள்.

“நல்லாத் தூங்குங்கண்ணே.”