கை நடுக்கம்

"குடிச்சிட்டுத்தான் வந்தீங்களா, அண்ணே?"

நரின் நகரக் கடைவீதியில், கேமராவும் விற்கும் அந்தச் சின்ன ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட்டாள் சல்தனத். கையிலிருந்த படங்களை மேஜைமேல் பரப்பினாள்.

அவள் மகனின் நூல் அறுப்பு விழாப் படங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் கறுப்பு வெள்ளை நூலைக் கட்டி, மற்ற பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வந்து சேரும் பிள்ளையின் கையால் அதை அறுப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான்.

"பிள்ளையை விடுங்க, பின்னாடி நிக்கற மலைகூட ஆடியிருக்கு. மாஸ்கோல கட்டட வேலையில இருக்கற என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. படத்துலயாவது பார்க்கறேன்னாரு. அவருக்கு நான் என்னத்தை அனுப்புவேன்?"

படம் எடுத்த சகின் தலையைக் குனிந்துகொண்டார். "குடிக்கலம்மா. கை நடுங்கிடுச்சு. என் தப்புதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி புருல் வந்தாள். நாலு பேர் முன்னால் புருஷனைக் காய்ச்சுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

"கேமராவை வித்துட்டுக் கடையில உட்காருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? டீக்கிண்ணத்தையே பிடிக்க முடியல, இதுல போட்டோ ஒரு கேடு."

சல்தனத் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு இவருக்குத் தெரியாம நானே அந்த ஆட்டம் தடுக்கற சுவிட்சைப் போட்டு, நகராம டேப்பும் ஒட்டித்தான் பையில வெச்சேன். கை இந்தப் பக்கம் ஆடினா, உள்ள இருக்கற லென்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்து சரிக்கட்டிடும். அதையும் மீறி ஆட்டியிருக்காரே, என்னத்தைச் சொல்ல?"

சகின் மேஜைமேல் கிடந்த படங்களை அடுக்கத் தொடங்கினார்.

சல்தனத்துக்கே பாவமாகிவிட்டது. "விடுங்கக்கா, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணுதான் புரியல. அண்ணன் மூணு கால் ஸ்டாண்டுலதானே கேமராவை வெச்சிருந்தாரு? தள்ளி நின்னு ரிமோட்டைத்தானே அமுக்கினாரு? அப்புறம் கை நடுங்கினா என்ன?"

"ஸ்டாண்டா? வெளி வேலைக்கு இவர் அதைத் தொடவே மாட்டாரே. கையில பிடிச்சு எடுக்கறவன்தான் போட்டோக்காரன்னு..."

புருலின் பேச்சு பாதியில் நின்றது.

கேமரா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் தவறாமல் சொல்லி அனுப்புவது ஒன்று உண்டு. "ஸ்டாண்டுல வெச்சா அந்தச் சுவிட்சை அணைச்சிடுங்க. ஆட்டம் இல்லாத இடத்துல அது ஆட்டத்தைத் தேடித் தானே ஆடிடும். படம் பாழாயிடும்."

அலமாரியில் இருந்த கேமராவைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது. அவள் ஒட்டிய டேப்பை யாரோ எப்போதோ உரித்துவிட்டிருந்தார்கள்.

"ஏங்க..." என்றாள்.

சகின் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சல்தனத்திடம்தான் சொன்னார்.

"நூல் அறுக்கற நேரத்துல ஸ்டாண்டுலேர்ந்து கையில எடுத்துட்டேம்மா. கூட்டத்துல நீ கவனிச்சிருக்க மாட்டே. என் கைதான் நடுங்கிடுச்சு."