ஸ்டிக்கரில் இல்லாத வேகம்

"இதோட ஹார்ட் டிஸ்க் எவ்ளோ ஸ்பீடுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கறது? நெஜத்தச் சொல்லுங்க. இதுல தப்புப் பண்ணிட்டா என் கதை முடிஞ்சிரும்."

லேப்டாப்பைத் தொடவே பயந்தவள் மாதிரி நின்றிருந்தாள் ரூபினி. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ், ஃபெரி என்று மாறி மாறி வந்ததாக வந்தவுடனே சொல்லியிருந்தாள். கைப்பையை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து, பணம் ரொக்கமாகவே இருக்கிறது என்று கோகுலன் மனக்கணக்குப் போட்டான்.

கோகுலனுக்கு அவள் தெய்வமாகத் தெரிந்தாள். கொம்தார் வணிக வளாகத்தில் அந்த லேப்டாப் கடையில் அவன் சேல்ஸ்மேன். இந்த மாதம் விற்பனை படுமோசம். "இன்னைக்குக் கடை அடைக்கறதுக்குள்ள ஒரு லேப்டாப்பாவது வித்துக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராத," என்று காலையில்தான் முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாயான் பாருவில் இருக்கும் வீட்டில் மனைவி துளசிக்கு நிறைமாதம். அவளும் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டாள்.

கடை அடைக்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"சொல்றேன் அக்கா, உக்காருங்க."

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அவள் அண்ணே என்றாள், இவன் அக்கா என்றான். வியாபாரத்தில் மரியாதைக்குக் குறைச்சல் வைக்கக் கூடாதல்லவா?

"ஸ்டிக்கர்ல இத்தன ஜிபின்னு போட்டிருக்கு பாருங்க, அது இடம். ஸ்பீடு இல்ல. அலமாரி எவ்ளோ பெருசுன்னு ஸ்டிக்கர் சொல்லும். அதுலேருந்து சட்டைய எடுக்க எவ்ளோ நேரமாகும்னு சொல்லாது."

"அப்ப ஸ்பீட எங்கண்ணே பாக்கறது?"

அவன் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். "இங்க பெர்ஃபாமன்ஸ். அதுல டிஸ்க். ஹெச்டிடின்னு காட்டினா உள்ள தட்டு சுத்தற பழைய டைப், ஸ்லோ. எஸ்எஸ்டின்னு காட்டினா வேகம். அப்பவும் சந்தேகமா இருந்தா பெரிய ஃபைல் ஒன்ன காப்பி பண்ணிப் பாருங்க. ஒரு செகண்டுக்கு எவ்ளோ எம்பி ஓடுதுன்னு அதுவே காட்டும்."

அவள் பாடம் ஒப்பிப்பது போல உதட்டை அசைத்தாள். "தட்டு சுத்தினா ஸ்லோ... இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

சொன்னான். பக்கத்து லேப்டாப்பைக் காட்டி அதையும் கேட்டாள். அதற்கும் சொன்னான். மேசையில் இருந்த ஒன்றைக்கூட அவள் விடவில்லை. எதற்கும் விலை கேட்கவுமில்லை. நல்ல பசையுள்ள பார்ட்டி போலிருக்கிறது என்று கோகுலனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மலாய்த் தம்பதி வந்து, கண்ணாடிக்குள் இருந்த லேப்டாப் ஒன்றைக் காட்டி விலை கேட்டார்கள். "செக்கெஜாப், பாங்," என்று கையைக் காட்டி ஒரு நிமிடம் நிற்கச் சொன்னான். ரூபினி விட்டால்தானே! பழைய லேப்டாப்பில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட முடியுமா என்று பிடித்துக்கொண்டாள். சொல்லி முடித்து அவன் திரும்பியபோது, அந்தத் தம்பதி எதிர்க்கடையில் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி இவள் ஒருத்திதான். இவளையும் விட்டுவிட்டு துளசி முகத்தில் எப்படி விழிப்பது?

"அக்கா, நம்ம ஆளுன்னுதான் சொல்றேன். பாஸ் காதுல விழுந்தா என்னைய உண்டு இல்லேன்னு பண்ணிருவாரு." குரலைத் தாழ்த்தினான். "அந்த மூலையில டிஸ்கவுண்டுன்னு பெருசா ஒட்டியிருக்கே, அது எல்லாமே ஸ்லோ டிஸ்க். ஆன் பண்ணிட்டுப் போயி தே தாரேக் ஒன்னு குடிச்சிட்டு வந்திரலாம். அது வேணவே வேணாம்."

"வாங்க வர்றவங்க இதெல்லாம் கேப்பாங்களாண்ணே?"

"பாதிப் பேரு கேக்க மாட்டாங்க. கலரப் பாத்து எடுத்துட்டுப் போயிருவாங்க. கேக்கறவங்ககிட்ட நான் மறைக்கறதில்ல லா. அதான் என் சேல்ஸ் இப்படிப் படுத்துக் கெடக்கு." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ரூபினிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும் எனக்கு இவ்ளோ பொறுமையா சொன்னதில்லண்ணே. யூடியூப்ல பாத்தேன், ஒன்னும் மண்டையில ஏறல. வீட்டுல எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். பயத்துல சரியா தூக்கமே இல்ல." கையெடுத்துக் கும்பிட்டாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கோகுலன் தண்ணீர்மலை முருகனை மனதுக்குள் கூப்பிட்டபடி, இருப்பதிலேயே வேகமான லேப்டாப்பைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். கெஞ்சக் கூடாது என்றுதான் நினைத்தான், ஆனால் கெஞ்சத்தான் வந்தது.

"இத எடுத்துக்குங்க அக்கா. பேக், மவுஸ் எல்லாம் என் கைக்காசுல நானே போட்டுத் தரேன். இன்னைக்கே எடுத்துக்குங்க அக்கா, ப்ளீஸ் லா. பில் போட்டுரட்டா?"

ரூபினி திருதிருவென்று விழித்தாள்.

"பில்லா? எனக்கா?"

"ஆமா அக்கா, உங்களுக்குத்தான்."

"நாளையிலேருந்து உங்க இடத்துக்கு நான்தாண்ணே வேலைக்கு வர்றேன், பாஸ் உங்ககிட்ட சொல்லலையா?"