நாலரைக் கிலோ

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வசிக்கும் சண்முகசுந்தரம், இணைய ஏலத்தில் ஒரு பழைய டைப்ரைட்டர் எடுத்திருந்தார். வந்த பார்சலை இரண்டு கைகளாலும் தாங்கித்தான் உள்ளே கொண்டுவந்தார். பிரித்தால் கசங்கிய செய்தித்தாள்தான் இருந்தது.

“ஏமாத்திட்டானுங்க,” என்றார் மனைவி மீனாம்பாளிடம்.

தாள்களை எடுத்த பிறகும் டப்பா கனத்தது. விற்றவன் அடியில் எதையோ ஒளித்திருக்கிறான் என்று அட்டையைத் தட்டித் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எரிச்சலில் மூடாமலே ஹாலில் விட்டுவிட்டார்.

புகார் கொடுத்தால் ஏல நிறுவனம் அவரையே சந்தேகப்பட்டது. ‘டெலிவரியின்போது எடை நாலரைக் கிலோ. அதே எடையில் திருப்பி அனுப்பவும்’ என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் காலை வந்த கூரியர்க்காரர் டப்பாவை ஒற்றைக் கையில் தூக்கி, கொக்கித் தராசில் மாட்டினார்.

“முந்நூறு கிராம்தான் சார் காட்டுது. உள்ள இருந்ததை எடுத்துட்டீங்களா?”

“நாங்க எதையும் எடுக்கலைங்க.”

அவர் நம்பாத பார்வையோடு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். சண்முகசுந்தரம் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“ஏங்க,” என்றாள் மீனாம்பாள் மெதுவாக. “இப்ப நீங்க சோபாவுல உக்காந்திருந்தீங்களா?”

“இல்லையே.”

சோபாவின் ஓர மெத்தையில் சின்னதாக ஒரு குழி விழுந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிர்ந்தது. பக்கத்து மெத்தை அமுங்கியது.