குறுக்கே வைத்த கைகள்

நற்கருணை வரிசையில் முதலாவதாக நின்ற மகள் கைகளை நீட்டவில்லை. மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

குருவானவரின் விரல்களுக்கிடையே அப்பம் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதைக் கிண்ணத்திலேயே இட்டுவிட்டு, அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து அனுப்பினார்.

பள்ளித் திருப்பலியில் வாசகம் படித்தவரே முதலில் வர வேண்டும் என்பது முறை. எனவே எல்லா வகுப்புகளும் பார்த்தன.

வரிசையை ஒழுங்குபடுத்துவது கணக்கு ஆசிரியையின் பொறுப்பு. அந்தப் பெண்ணின் தாயும் அவரே.

அப்பம் பெற இயலாதவர்கள் கைகளைக் குறுக்கே வைத்து ஆசி மட்டும் பெற்றுச் செல்லலாம் என்று ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். வலக்கை இடத்தோளில், இடக்கை வலத்தோளில். மகள் அதில் பிழை செய்யவில்லை.

திருமுழுக்குப் பெறாத பிள்ளைகள் அப்படி வருவார்கள். பெற்ற பிள்ளை வந்தால் பொருள் ஒன்றே: பாவம் இருக்கிறது, இன்னும் குருவிடம் சொல்லவில்லை.

பாட்டு ஆசிரியை கீபோர்டிலிருந்து விரலை எடுக்காமல் தலையை மட்டும் சாய்த்தார்.

"என்ன டீச்சர், வாசகம் படிச்ச வாய்க்கு இன்னைக்கு விரதமா?"

"வர்ற வழியில எதையாவது தின்னுட்டு வந்திருப்பா. ஒரு மணி நேரம் வெறும் வயித்தோட இருந்தாத்தானே வாங்கலாம்."

பொய். காலையில் பால்கூட வேண்டாமென்று தம்ளரைத் தள்ளிவைத்தவள் அவள்.

வெள்ளிக்கிழமைதான் பாவ அறிக்கைக்குப் போய்வந்தாள். ஆகவே, எதுவாயினும் அதற்குப் பிறகு நிகழ்ந்திருக்க வேண்டும். விடையைவிட வழிமுறையே முக்கியம் என்பார் கணக்கு ஆசிரியை. இன்று ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தார். கைப்பேசியா? டியூஷனிலிருந்து தாமதமாகத் திரும்பிய மாலையா? என்ன செய்திருந்தால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி முழுவதற்கும் முன்னால் தன்னைத் தானே விலக்கிக்கொள்வாள்?

மகள் இடத்துக்குத் திரும்புகையில், தூணருகே அவளது முழங்கையைப் பற்றினார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? உண்மையைச் சொல்லு."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. நீ மட்டும் என்ன பண்ணின?"

எதிர்த்துப் பேசும் குரலன்று அது. விடை கிடைக்காத பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கேட்கும் குரல்.

பிடி தளர்ந்தது. மகள் போய் முழந்தாளிட்டாள்.

வகுப்புகள் ஒவ்வொன்றாக வந்து சென்றன. இடத்துக்குத் திரும்பியதும் கண்களை மூட வேண்டும். வரிசையின் கடைசி ஆள் திரும்பும்வரை திறக்கக் கூடாது. அதுவும் அவர் ஒத்திகையில் வற்புறுத்தியதே.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் அவர்தான்.

மேற்பார்வைக்காக என்று பள்ளி எண்ணியிருந்தது. அவருடைய முதல் கணவர் இறந்துவிட்டார் என்றும் எண்ணியிருந்தது. இரண்டையும் அவர் திருத்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் முதல் பூசைக்கும் மகள் இரண்டாம் பூசைக்கும் போவார்கள். சமையலுக்காக என்பது வீட்டில் சொல்லப்பட்ட காரணம்.

பீடத்தின் முன் வந்து நின்றார். விவாகரத்தான முதல் கணவர் வேறோர் ஊரில் உயிரோடிருக்க, பதிவாளர் அலுவலகத்தில் இரண்டாம் திருமணத்துக்குக் கையெழுத்திட்டவருக்குத் திருச்சபைச் சட்டப்படி அப்பம் இல்லை. குருவானவருக்கு அது தெரியும். கட்டைவிரலை முன்பே உயர்த்தியிருந்தார்.

பழகிய கைகள் தாமாகவே மார்பின் குறுக்கே ஏறின.

திரும்பினார். பள்ளி முழுவதும் கண்களை மூடி முழந்தாளிட்டிருந்தது. பாட்டு ஆசிரியையும் கீபோர்டின்மேல் குனிந்திருந்தார்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கண்களை மூடவில்லை.

அவளுடைய கைகள் இன்னும் தோள்களிலிருந்து இறங்கவில்லை.